பத்து நகத்தில் கொழும்புச் சிவப்பு

யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைக்குத்தான் போகும். முகம் அப்புறம். இதனால் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. பேசிக்கொண்டே எதிரில் இருப்பவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், "என்னத்தைத் தொலைச்சிட்டு எங் கையில தேடுறே?" என்று கேட்பார்கள். இந்த வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. நகத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம் என்று சிலர் பெருமை அடிப்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு தடவை பத்து நகங்களை நானே பொய் சொல்ல வைத்திருக்கிறேன்.

அப்போது தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பதினாறு வயது. கீழக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்முடுக்கில் ஒரு லாத்தா இருந்தார். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை, தெருவுக்கே லாத்தா. என்னைவிட எட்டு வயதுதான் கூடுதல். அவருடைய மாப்பிள்ளை, அதாவது புருஷன், கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார். லாத்தா வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு நகம் வெட்டி, ஓரம் தேய்த்து, மருதாணி இட்டுவிடுவார். கல்யாணம் என்றால் மணப்பெண்ணின் கையும் காலும் அவர் பொறுப்பு.

என்னை அவரிடம் சேர்த்துவிட்டது உம்மா. நான் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையெல்லாம் உம்மாவுக்கு இல்லை. என் வாயை ஒரு பொழுதாவது வீட்டுக்கு வெளியே அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டி பேசுவேன். கோபம் வந்தால் நகத்தைக் கடிப்பேன். கோபம் தினமும் வந்ததால் பத்து விரலும் மொட்டையாக இருந்தன. நகம் கடிக்கிற பிள்ளையை நகம் வெட்டுகிற இடத்தில் சேர்த்த கதையைச் சொல்லித் தெருவே சிரித்தது. லாத்தா மட்டும் சிரிக்கவில்லை. முதல் நாள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் வேப்பெண்ணெய் ஊற்றி, பத்தையும் அதில் முக்கினார்.

"மொளைக்கட்டும். அதுவரைக்கும் நீ எலை பறி," என்றார்.

ஒரு வருஷம் இலைதான் பறித்தேன். லாத்தா வீட்டுக் கொல்லையில் இரண்டு மருதாணிச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. காலை வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். திப்பி இருந்தால் லாத்தா ஒன்றும் சொல்லமாட்டார். விழுதை மறுபடி அம்மியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். பேசாமல் போகிறவரிடம் என்ன செய்ய முடியும்? அரைத்து அரைத்து என் உள்ளங்கை எப்போதும் சிவந்தே கிடந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இது என்ன கோலம் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் வருஷம் கத்தரிக்கோல் கைக்கு வந்தது. முதலில் பிள்ளைகளின் நகங்கள். ஒரு நிமிஷம் கையை நீட்டாத பிள்ளைகள். ஊருணிப் பக்கம் கொக்கு பறந்தால் விரல்களை உயர்த்தி ஆட்டி, நகத்தில் பூ விழ வேண்டும் என்று கத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் அதை வெட்டவிடாமல் அழுவார்கள். அது மேலே ஏறி நுனிக்கு வருகிற நாளில் புதுச்சட்டை கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நானும் அந்தப் புள்ளிகளைத் தாண்டி வெட்டாமல் பார்த்துக்கொள்வேன். எனக்கும் அதில் பாதி நம்பிக்கை இருந்தது என்றே நினைக்கிறேன்.

பிறகு பெண்கள். வெயில் சாய்ந்து, ஆண்களெல்லாம் கடைக்கும் கடலுக்கும் போயிருக்கிற நேரம். உள்ளறையில் பாய் விரித்திருக்கும். மேலே சின்ன சன்னல் வழியாக வெளிச்சம் நீளமாக விழும். அதில் தூசி மெதுவாக ஏறி இறங்கும். கடற்காற்று வீட்டுக்குள் வரும்போது உப்பையும் காய்ந்த பாசியையும் கொண்டுவரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை ஊறவைத்து, துடைத்து, மடியில் போட்டுக்கொள்வோம். நகத்தின் ஓரத்தைத் தேய்ப்பது கணவாய் ஓட்டால். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற வெள்ளை ஓடு. எடுத்துக் காயவைத்தால் மாவு போலத் தேயும், தோலைக் கீறாது. அது நகத்தில் உரசுகிற சத்தம் மிகவும் மெல்லியது. அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேர் தூங்கிப்போவார்கள். கையை எங்களிடம் விட்டுவிட்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, தூங்குவார்கள். வெளியே எங்கோ தோணிக்கு ஆணி அடிப்பார்கள். ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது.

அந்த மயக்கத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உண்டு, லாத்தா சொல்லித்தராதது. புதுக் கை ஒன்று முதலில் நம் மடிக்கு வரும்போது மரக்கட்டை மாதிரி இருக்கும். சும்மா வைத்திருப்பது போல வைத்திருப்பார்கள், ஆனால் உள்ளே இறுகியிருக்கும். அவசரப்பட்டு விரலைப் பிரித்தால் இன்னும் இறுகும். பேசாமல் வைத்திருந்தால், அரை மணியோ ஒரு மணியோ, தானாக இளகும். இளகுகிற நேரம் நம் கைக்குத் தெரியும். அப்புறம்தான் கத்தரியை எடுக்க வேண்டும். எனக்குப் பொறுமை என்று ஒன்று வந்ததென்றால் இந்த ஒரு இடத்தில்தான்.

எந்த விரலில் தொடங்குவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. வலக்கையின் கலிமா விரலில், அதாவது சுட்டுவிரலில் தொடங்க வேண்டும். சுண்டுவிரல் வரை போக வேண்டும். பிறகு இடக்கையின் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை. கடைசியாகத்தான் வலக்கைக் கட்டைவிரல். வெட்டிய நகத்தை ஒரு துண்டுத் துணியில் முடிந்து கொல்லையில் புதைக்க வேண்டும். எனக்கு ஒதுக்கப்பட்டது இடக்கை. வலக்கை சாப்பிடுகிற கை, நாலு பேர் பார்க்கிற கை, அது லாத்தாவுக்கு. ஆகவே லாத்தா நாலு விரல் வெட்டுவார், நான் ஐந்து வெட்டுவேன், மறுபடி அவர் ஒரு விரல். அந்த ஒற்றைக் கட்டைவிரல் மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

"எப்ப லாத்தா ரெண்டு கையும் தருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"உன் கை அடங்குன அன்னைக்கு இல்ல. உன் வாய் அடங்குன அன்னைக்கு," என்பார்.

அது நியாயம்தான். ஒரு பெரிய வீட்டு மாமி நான் வெட்டும்போது ஈயை விரட்டக் கையை உதறி, விரலில் ரத்தம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, "நீங்க ஏன் அசைஞ்சீக?" என்று நான் கேட்டேன். மறுவாரம் அது நகச்சுத்தியாக வீங்கி, அவர் விரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு ஊர் முழுக்க என் புகழைப் பாடினார். மூன்று மாதம் மறுபடியும் இலை பறித்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நகத்துக்குப் பூசுகிற சிவப்புப் பாலிஷைச் சின்னச் சீசாவில் கொண்டுவருவார்கள். பெண்களுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. ஆனால் அது மருதாணி மாதிரி இல்லை. மருதாணி நிறம் மட்டும்தான். பாலிஷ் நகத்தின் மேல் தோல் போலப் படிந்துவிடும். தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவுகிற ஒலுவில் தண்ணீர் நகத்தைத் தொடாது. தொடாவிட்டால் ஒலு கூடாது. ஒலு இல்லாவிட்டால் தொழுகை இல்லை. ஆகவே மாதத்தில் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும்தான் எங்கள் பெண்கள் அதைப் பூசிக்கொள்வார்கள். நகத்தில் பாலிஷைப் பார்த்தால் போதும், அந்த வாரம் அவள் தொழவில்லை என்று தெருவிலுள்ள பெண்கள் வாய் திறக்காமலே தெரிந்துகொள்வார்கள். அந்த நாட்களில் மாப்பிள்ளைக்கு மனைவியைத் தொட அனுமதி இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

மூன்றாம் வருஷம், ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தது. ஒரு வீட்டுக்கு லாத்தா போனார். இன்னொரு வீட்டை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையையும் சேர்த்து. மணப்பெண் என்னோடு ஓதுகிற பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்து ஓதியவள். எனக்கும் அவளுக்கும் பத்தொன்பது வயது. எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. உம்மாவிடம் சண்டை போடாமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். உம்மா பயந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அந்த வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். முற்றத்தில் பெண்கள் வட்டலாப்பம் என்கிற இனிப்புக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பாயில் உட்கார்ந்து அவள் வலக்கையை மடியில் போட்டுக்கொண்டேன். எத்தனை தடவை பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிய கை அது. அன்றைக்கு இறுகிக் கிடந்தது. பழைய கதை பேசினேன், உஸ்தாது பிரம்பை எடுத்தால் அவள் எப்படி முந்திக்கொண்டு அழுவாள் என்று நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். கை சிரிக்கவில்லை.

நகம் வெட்டி முடித்து, உள்ளங்கையில் கொடி வரைந்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "சீர்ப் பெட்டியில ஒரு சீசா இருக்கு. மாப்பிள்ளை கொழும்புல வாங்குனது. காலையில மருதாணியைக் கழுவுன பொறகு அதைப் பூசி விடுறியா?"

"உனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு ஒலு எடுக்க வேணாமா?"

"வேணாம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத் தேதியையே பெண்ணின் நாளைப் பார்த்துத்தான் வைப்பார்கள். அவளுடைய உம்மாவே அதை லாத்தாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். "மாமி நாளைப் பாத்துத்தானே தேதி வச்சாக?" என்று கேட்டேன்.

"ஆமா. இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கு." அவள் குனிந்துகொண்டாள். "நிக்காஹ் முடிஞ்சு எட்டாம் நாள் அவுக கப்பலேறிருவாக. அதுல ஒரு அஞ்சு நாள் சும்மா இருக்கட்டும் புள்ள. அவுக மூக்கு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. சிரிச்சா எப்படி இருப்பாக, கோவம் வந்தா என்ன செய்வாக... ஒண்ணும் தெரியாத ஆளு கிட்ட வந்தா நான் என்ன செய்வேன்?"

"மாமிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் வந்தோம், சும்மா கெட'ன்னாக. வாயால சொன்னா உம்மா அமுக்கிருவாக. நகத்துல இருந்தா எல்லாரும் பாத்துருவாக. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் எப்போது இவ்வளவு யோசித்தாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பள்ளியில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நான்.

அன்று வீட்டுக்குப் போய் நான் தூங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத் தூங்கினேன். கனவில் அவள் கைகள் மட்டும் தண்ணீரில் மிதந்து வந்தன. கடல் அமைதியாக இருந்தது. விரல்கள் பத்தும் ஆழத்தில் பூத்துக் கிடக்கிற பவளம் மாதிரி அசைந்தன. விழித்தபோது பயம் வந்துவிட்டது. பொய்க்குத் துணை போவது பாவம். அகப்பட்டால் ஒலுகூடத் தெரியாதவள் என்று என்னை ஒரு வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். தொழில் கற்ற மூன்று வருஷமும் வீணாகிவிடும். பூசாவிட்டால்? இறுகிய கை ஒன்றைப் பலவந்தமாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளுக்காக எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். அந்தக் கோபத்தோடுதான் கிளம்பிப் போனேன்.

மருதாணியைக் கழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பூசினேன். கலிமா விரலில் தொடங்கி முறை தவறாமல் பத்தும். செய்கிற வேலைக்கு அந்த முறை தேவையே இல்லை. ஆனாலும் வேறு மாதிரி பூச என் கை ஒத்துக்கொள்ளவில்லை. சீசாவைத் திறந்ததும் பழுத்த வாழைப்பழமும் சாராயமும் கலந்தது போல ஒரு வாடை அறையை நிறைத்தது. இரண்டு பேருக்கும் தலை லேசாகச் சுற்றியது. அவள் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஈரமான சிவப்பில் சன்னல் வெளிச்சம் பத்துத் துண்டாகத் தெரிந்தது. அது மிகவும் அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிக்காஹ் பள்ளிவாசலில் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் மூத்த லாத்தா மோதிரம் போடுவதற்காக அவள் கையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்தார். பேச்சு ஓரத்திலிருந்து ஓரமாக அடங்கிக்கொண்டு வந்தது.

"என்ன மாமி, பிள்ளைக்கு..." என்று அவர் மணப்பெண்ணின் உம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அந்த மாமி தட்டில் தொதல் அல்வாத் துண்டுகளோடு வாசலில் நின்றார். மகளின் நகங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தேதி தெரியும். 'இல்லையே' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் கேட்ட ஐந்து நாளும் போய்விடும். மாமி தட்டை அடுத்தவர் பக்கம் நீட்டினார். சம்மதமா கோபமா என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, இன்னொரு கல்யாண வீட்டு வேலையை முடித்துக்கொண்டு லாத்தா உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் லாத்தா விடவில்லை. "கல்யாணத்துக்குப் பாலிஷ் பூசுற வழக்கம் எப்ப வந்துச்சு? இது உங்க பிள்ளை செஞ்ச வேலையா?" என்று கேட்டார்.

லாத்தா நகங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணப்பெண்ணைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். "நான்தான் பூசச் சொன்னேன்," என்றார். "தொழுகை இல்லாத நாளு. மாப்பிள்ளை ஆசையா வாங்கியாந்தது பெட்டியில கெடக்கணுமா?"

சிரிப்பு எழுந்தது. மோதிரம் விரலில் ஏறியது. பேச்சு பழையபடி பெருகியது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

முடுக்குக்கு வந்ததும் லாத்தா என் மேற்கையில் கிள்ளிய கிள்ளு பத்து நாளைக்குக் கன்றிக் கிடந்தது. "இப்பச் சொல்லு," என்றார். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நான் அஞ்சு வேளை தொழுகுறவ. உன்னால இன்னைக்குச் சபையில பொய் சொன்னேன். அல்லாட்ட நான்தான் பதில் சொல்லணும்." முடுக்கின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "இது வெளிய தெரிஞ்சுச்சு, நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ஊர்ல எவளும் கை நீட்ட மாட்டா. அவ நகத்துல அந்தச் செவப்பு இருக்குற வரைக்கும் எங்கூட வராதே."

என் வாழ்க்கையில் திருப்பிப் பேசாமல் வீட்டுக்குப் போனது அந்த ஒரு நாள்தான்.

அப்புறம் வந்த நாட்களைச் சரியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பின்வாசலில் உட்கார்ந்திருப்பேன். காற்று விழுந்துபோன மத்தியானங்கள். கடல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அமைதி. பனைமட்டை எப்போதாவது ஒரு தடவை உரசும். அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். அவள் மீன் ஆய்ந்தால் பாலிஷ் உரியுமே, புது மணப்பெண்ணை மீன் ஆயச் சொல்லமாட்டார்கள், குளத்தில் துவைத்தால் உரியுமே, துவைக்கவும் விடமாட்டார்கள். மாமி ஒரு மத்தியானம் மகளின் கையைப் பிடித்து அரிவாள்மணையில் சுரண்டுவது போல என் கண்ணுக்குத் தோன்றும். திடுக்கிட்டு எழுவேன். உம்மா வெறும் மோரை ஊற்றிக் கொடுத்து, "யாரு உன்னை என்ன சொன்னா?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லை என்று நான் சொன்னதே உம்மாவுக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்கிக்கொண்டு வந்தேன். நாலாம் நாள் கையை விரித்துப் பார்த்தபோது கட்டைவிரல் நகத்தைப் பாதிக்கு மேல் கடித்திருந்தேன்.

ஆறாம் நாள் அசருக்கு முன் பின்கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவளுடைய உம்மா. தனியாக வந்திருந்தார். "கணவாய் ஓட்டை எடுத்துக்கிட்டு வா," என்றார். முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவர்தான் பிடிவாதமாக எடுக்கச் சொல்கிறார், அவள் அங்கே அழுதுகொண்டிருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன். அப்படியென்றால் எடுக்கமாட்டேன், நகம் பிளந்துவிடும், இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் பாடம் செய்துகொண்டே நடந்தேன்.

கூடத்தில் அவளுடைய வாப்பா சாய்வு நாற்காலியில் இருமிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தொழுகைக்குப் போயிருந்தார். உள்ளறையில் அதே பாய். அவள் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்பதற்கு முன் கையை நீட்டினாள். எடுத்து மடியில் வைத்தேன். ஈரத் துணி போலக் கிடந்தது அந்தக் கை.

"யாரு எடுக்கச் சொன்னது?" என்று காதோரம் கேட்டேன்.

"நான்தான்," என்றாள்.

நான் தேய்க்க ஆரம்பித்தேன். சிவப்பு பொடியாக உதிர்ந்து என் மடியில் விழுந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. கடையில் சிங்களத்தில் விலை சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் சிங்களம் பேசுகிறார். முதல் நாள் இவள் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தே ஒரு மணி நேரம் பேசினாராம். மூன்றாம் நாள்தான் இவள் சிரித்துவிட்டாளாம். "என்னையவிட அவுகளுக்குத்தான் புள்ள பயம் கூட," என்றாள். "நேத்து என் கையைப் பிடிச்சு நகத்தைப் பாத்தாக. 'இந்தக் கலரு இவ்வளவு நாளு நிக்கும்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்'னாக." இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் அவர் கப்பலேறிவிடுவார் என்பது அப்போது இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை.

சிரித்து முடித்துத் தலையைத் தூக்கினால் மாமி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். மகளின் இன்னொரு கையை எடுத்து, மிச்சமிருந்த சிவப்பு நகங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் யாராச்சும் அஞ்சு நாளு குடுத்திருந்தா," என்றார், "உங்க வாப்பாவை எனக்குப் பிடிச்சிருக்குமோ என்னமோ."

கூடத்தில் இருமல் கேட்டது. மாமி எழுந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கப் போனார்.